இருநூற்றொன்பதில் விருந்தாளி

விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு குளியலறையிலிருந்து வெளியே வந்தவள் துவாயும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். சற்று முன்புவரை இந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தேன், அதில் சந்தேகமில்லை, கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம் இன்னும் இருக்கிறது, கண்ணாடியில் பார்த்தேன். இப்போது கட்டில் யாரும் ஒருநாளும் படுக்காத கட்டிலாக நிற்கிறது. நான்கு மூலையும் உள்ளே செருகியாகிவிட்டது, மேல்விரிப்பு ஒரு சாண் பின்னால் மடிந்திருக்கிறது, நான்கு தலையணையும் இரண்டு பெரிது பின்னால் இரண்டு சிறிது முன்னால் என்று சாய்ந்திருக்கின்றன. யார் செய்தது? கதவு உள்ளே பூட்டியிருக்கிறது, சங்கிலியும் போட்டிருக்கிறது. ஆக, நான்தான். நான்தான் என்றால் எப்போது? எழும்பினேன், செருப்புக்குள் காலை நுழைத்தேன், அது ஞாபகம் இருக்கிறது. குளியலறை லைட்டைப் போட்டேன், அதுவும் ஞாபகம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. குறைந்தது நாலு நிமிட வேலை அது, எனக்குத் தெரியாதா, இருபத்தேழு வருடம் செய்த வேலை. அந்த நாலு நிமிடமும் எங்கே போயிற்று? என்னுடைய பெரியக்கா கடைசிக் காலத்தில் உப்புப் போட்ட கறிக்குத் திரும்பவும் உப்புப் போட்டாள், கேட்டால் இப்போதுதான் முதல்முறை போடுகிறேன் என்று சண்டைக்கு வருவாள். அதுதான் எனக்கும் தொடங்குகிறதா? அப்படியிருக்காது. உப்பு வேறு, விரிப்பு வேறு. இது கை செய்த வேலை, தலையைக் கேட்காமல் கை தானாகச் செய்த வேலை. ஆனால் கை எனக்குச் சொல்லாமல் ஒன்றைச் செய்கிறதென்றால் நாளைக்கு வேறு என்னவெல்லாம் செய்யும்? மணி ஆறே முக்கால். ஒன்பது மணிக்கு யதுஷா வருவாள். வந்து முதலில் கட்டிலைத்தான் பார்ப்பாள்.

யதுஷா என் ஒரே மகள். டொரினோவில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள், எட்டு மாதக் கர்ப்பம், பிரசவத்துக்கு முன் என்னோடு ஒரு கிழமை இருக்க வேண்டுமென்று இந்த ஆடி வெயிலில் பலெர்மோவுக்கு வந்து என் வீட்டில் தங்கியிருக்கிறாள். என்னைக் கொண்டுவந்து இந்த வில்லா ஓர்சோலா ஹோட்டலில் மூன்று இரவு போட்டிருக்கிறாள். அதுவும் இரண்டாம் மாடியில், நான் பங்குனி மாதம் வரைக்கும் துடைத்துப் பெருக்கிக் கட்டில் விரித்த அதே இரண்டாம் மாடியில், இருநூற்றொன்பதாம் அறையில், விருந்தாளியாக. பரிசு என்றுதான் முதலில் நினைத்தேன். பரிசு இல்லை, பரீட்சை. "மூண்டு நாள் அம்மா. ஒரு துணி தூக்கக் குடாது, ஒரு கோப்பை கழுவக் குடாது, கட்டில் விரிக்கக் குடாது. மற்ற ஆக்கள் மாதிரி இருந்து காட்டுங்கோ. இருந்து காட்டினா டொரினோவுக்கு வந்து பேரப்பிள்ளையோடை இருங்கோ, எத்தினை வருசமெண்டாலும். இல்லாட்டி ரெண்டு கிழமைதான். பிறகு நான் ஒரு ஆளை வைச்சுப் பிள்ளையைப் பாப்பன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. அவள் சொன்னால் சொன்னதுதான், தகப்பனைப் போல. இவர் இருந்திருந்தால் அவளைச் சமாளித்திருப்பார், போய் ஐந்து வருடமாகிறது. சிக்கல் எல்லாம் போன நத்தார்ப் பண்டிகைக்கு அவள் வீட்டில் தொடங்கியது. அவளுடைய மாமியார் ஃபிராங்கா நல்ல மனுசி, என்னைக் கண்டால் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பாள். சோபாவில் இருந்து மகனோடு ஏதோ கதைத்துக்கொண்டே கோப்பி குடித்து முடித்தாள், முடித்துவிட்டு வெறும் கோப்பையைப் பக்கத்தில் நீட்டினாள், ஆளைப் பார்க்காமலே. நானும் வாங்கினேன், நானும் பார்க்கவில்லை, கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுத் திரும்பினால் குசினி வாசலில் யதுஷா. அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. "வெட்கமா பிள்ளை உனக்கு?" என்று கேட்டேன். "வெட்கமில்லை" என்றாள், "எனக்கு நோகுது." எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் சரியாக விளங்கவில்லை. ஒரு கோப்பை. கழுவினால் என்ன? கழுவாவிட்டால் அது அங்கேயே கிடக்குமே.

முதல் நாள் வந்தபோதே பிழையாகிப் போயிற்று. டாக்சி முன்வாசலில் நின்றது, நான் இறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று பக்கவாட்டு ஒழுங்கையால் நடந்தேன், குப்பைத்தொட்டி தாண்டி, சலவைக்காரனின் வேன் தாண்டி, பின்கதவுக்கு. யதுஷா பின்னால் கூப்பிட்டது காதில் விழவேயில்லை, கையைப் பிடித்துத்தான் முன்பக்கம் திருப்பினாள். முன்வாசலில் பளிங்குப் படி இருக்கிறது, இரண்டு பக்கமும் கல் சிங்கம் இருக்கிறது, அந்தச் சிங்கங்களின் முன்பக்கம் எப்படி இருக்கும் என்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒன்றுக்கு மூக்கு உடைந்திருக்கிறது. நூற்றிருபது வருடத்துக்கு முன்னால் கப்பல் முதலாளி ஒருத்தர் நோயாளி மனைவி கடற்காற்றுப் பிடிப்பதற்காகக் கட்டிய வீடாம், பிறகு ராசாக்கள் வந்து தங்கினார்களாம், நடிகைகள் தங்கினார்களாம், மேசையில் வைத்திருக்கும் புத்தகத்தில் போட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்த சரித்திரம் வேறு. இருநூற்றுமூன்றில் குளியல்தொட்டி மெதுவாகத்தான் வடியும். இருநூற்றுப்பன்னிரண்டில் அலுமாரிக் கதவைத் தூக்கித்தான் மூட வேண்டும். இந்த அறையில் பல்கனிக் கண்ணாடிதான் வில்லங்கம், கடல் நேரே முகத்தில் அடிக்கும், காலையில் துடைத்தால் மத்தியானம் உப்புப் பூத்துவிடும், வினாகிரி போட்டுத் துடைக்க வேண்டும், பத்திரிகைத் தாளால் தேய்க்க வேண்டும். கடல் என்றால் எனக்கு அந்த உப்புத்தான். நேற்று முழுக்கப் பல்கனிக் கதிரையில் இருந்து கடலைப் பார்த்தேன், பார்க்கச் சொன்னாள், பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை. பக்கத்துப் பல்கனியில் ஒரு வெள்ளைக்கார மனுசன் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு அதில் என்ன தெரிந்ததோ, நான் அவரைப் பார்த்துப் பார்த்து அவர் எழும்பினபோது நானும் எழும்பினேன். என்னுடைய கண் கடலுக்கும் கண்ணாடிக்கும் நடுவிலேயே நின்றது, கண்ணாடியில் ஒரு விரல் அடையாளம் இருந்தது, யாருடையதோ, சின்ன விரல், அதைத் துடைக்காமல் ஒரு பகல் முழுக்க இருந்தேன் என்றால் யார் நம்புவார்கள். பின்னேரம் யதுஷா போன் எடுத்தாள். "என்ன செய்தனீங்கள்?" "சும்மா இருந்தன்." "உண்மையா?" "உண்மையா." உண்மைதான். ஆனால் வாழ்நாளில் ஒருநாளும் அப்படிக் களைத்ததில்லை. மலைமேல் கோயில் கொண்டிருக்கும் புனித ரொசாலியா அம்மாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சனம் எல்லாம் ஏறுகிற மலைதான், மூன்று நாளும் ஒழுங்காக இருந்து முடித்தால் வெறுங்காலோடு ஏறிவருகிறேன் தாயே என்று. இரண்டு நாள் காப்பாற்றினாள். மூன்றாம் நாள் காலையில் கையும் களவுமாக நிற்கிறேன்.

கலைத்துவிட்டால் போயிற்று. அதை ஏன் இவ்வளவு நேரம் யோசிக்கவில்லை? மேல்விரிப்பைப் பிடித்து ஒரு பக்கம் இழுத்தேன். மூலையில் செருகியது கழன்று ஒரு முக்கோணமாகத் தொங்கியது, நேரான முக்கோணம். அது சரியில்லை, யாரும் அப்படி எழும்புவதில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். தலையணை ஒன்றை எடுத்துக் குறுக்கே வைத்தேன், சரிவாக இருக்கட்டும் என்று திருப்பினேன், அது அளந்துவைத்த சரிவாகப் போயிற்று. ஆயிரம் ஆயிரம் கலைந்த கட்டில்களைப் பார்த்திருக்கிறேன். குடிகாரர் கலைத்தது, புதிதாகக் கலியாணம் முடித்தவர்கள் கலைத்தது, ஒரு பக்கத்தில் மட்டும் படுத்து மற்றப் பக்கத்தைத் தொடாமல் விட்டுப் போன கிழவர்கள் கலைத்தது. ஒரு அம்மா வருடா வருடம் வருவாள், தன் கட்டிலைத் தானே பாதி விரித்துவிட்டுப் போவாள், அவளுடைய பாதியை அழித்துவிட்டுத்தான் நான் விரிப்பேன். இவ்வளவும் தெரியும், ஆனால் எனக்கு ஒரு கட்டிலைக் கலைக்கத் தெரியவில்லை. படுத்துப் புரண்டால் தானாகக் கலையுமே என்று ஏறிப் படுத்தேன், இந்தப் பக்கம் புரண்டேன், அந்தப் பக்கம் புரண்டேன், வீட்டுச் சட்டையோடு, அறுபத்தொரு வயதில், காலை ஏழேகால் மணிக்கு. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எழும்பிப் பார்த்தால் விரிப்பில் இரண்டு மூன்று கோடு, அவ்வளவுதான். அவ்வளவு இறுக்கமாகச் செருகியிருக்கிறேன். கோடுகளைப் பார்த்ததும் கை போயிற்று நீவிவிட. கையை இழுத்துக்கொண்டேன். இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். இந்தக் கையோடு அவளுடைய வீட்டுக்குப் போய் நான் என்ன செய்யப் போகிறேன்? பிள்ளை அழுதால் தூக்குவேன், அதற்கு அனுமதி உண்டு. பிள்ளையின் துணி? அது துணிதானே, தூக்கக் கூடாதா? பால் போத்தல் கோப்பையில் சேருமா சேராதா? கேட்காமல் விட்டுவிட்டேன். கேட்டால் சட்டம் கதைக்கிறீர்கள் என்பாள். ஆனால் அந்தப் பிள்ளையோடு இருக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு ஐந்து ஆறு வயதில் நான் காலையில் போனால் பின்னேரம் வருவேன், வந்ததும் கால் வீங்கிவிடும், அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள், நான் ம் ம் என்று நித்திரையாகிவிடுவேன். அவள் சொன்னது ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. இந்தப் பிள்ளை சொல்வதையாவது முழுக்கக் கேட்க வேண்டும். அதற்காகத்தான். வேறு ஒன்றுக்காகவும் இல்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. அது எங்கள் தட்டு, இந்த மாடிக்காரர் தட்டு. சங்கிலியைக் கழற்றினால் ஜுசெப்பினா, கையில் கோப்பி. இருநூற்றுப்பத்தொன்பதிலிருந்து அந்தப்பக்கம் அவளுடையது, என்னுடைய பக்கத்தையும் இப்போது அவள்தான் பார்க்கிறாள், என்னைவிட மூன்று வயது இளையவள், முழங்கால் இரண்டும் போய்விட்டது. பலெர்மோவில் பிறந்து வளர்ந்தவள், நாங்கள் கதைப்பது இத்தாலியனில், அவள் என் பெயரை மலார் என்று நீட்டுவாள். கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்ன இது மலார்? கட்டிலோடு சண்டையா?"

சொன்னேன். பரீட்சை, கோப்பை, டொரினோ, ஒன்பது மணி, எல்லாம். அவள் கோப்பியை மேசையில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"உன் மகள் வந்தால் நான் விரித்ததாகச் சொல்லு."

"நீங்கள் எல்லோரும் ஒன்பதரைக்குத்தான் தொடங்குவீர்கள் என்று அவளுக்குத் தெரியும்."

"அப்படியென்றால் கலைப்போம். நீ கலைத்தது விரித்தது போலவே இருக்கிறது."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று விரிப்பைக் கழற்றினோம். அவள் தலையணையைக் குத்தினாள், நான் ஒன்றை நிலத்தில் போட்டேன், அவள் அதை எடுத்துத் தட்டி மேலே வைத்தாள், "நிலத்தில் போட்டால் உறை மாற்ற வேண்டும்" என்றாள். மாடிப் பொறுப்பாளர் புதிதாக வந்திருப்பவர் எப்படி என்று கேட்டேன். கதை தொடங்கியது. அறைக்கு இருபது நிமிடமாம், கையில் ஒரு போன் கொடுத்திருக்கிறார்களாம், உள்ளே போகும்போது அழுத்த வேண்டும் வெளியே வரும்போது அழுத்த வேண்டும், முழங்காலுக்கு எங்கே அழுத்துவது என்று கேட்டேன் மலார், என்றாள். அவளுடைய மகன் திரும்பவும் பிரிந்துவிட்டான், பேரனை மாதத்துக்கு இரண்டு தடவைதான் காட்டுகிறார்களாம், "நீ போ, எப்படியாவது போய்ப் பிள்ளையோடு இரு, இங்கே என்ன இருக்கிறது" என்றாள். நான் எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். எதற்குப் பயம்? சும்மா இருக்க. சும்மா இருந்தால் என்னை யாருக்கும் தேவையில்லை என்று ஆகிவிடுமோ என்று. அதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன், இத்தாலியனில் சொன்னேன், தமிழில் சொல்ல வந்திருக்காது. ஜுசெப்பினா விரிப்பின் தன் பக்கத்தை மெதுவாகத் தடவினாள். நானும் தடவினேன். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து பார்த்தோம். கட்டில் விரித்திருந்தது. நான்கு மூலையும் செருகி, ஒரு சாண் மடித்து, தலையணை சாய்த்து, ஒரு சுருக்கம் இல்லாமல். அவள் "மதோன்னா" என்று மாதாவைக் கூப்பிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரம் கதவு தட்டும் சத்தம் கேட்டது, சும்மா ஆக்கள் தட்டுகிற தட்டு. எட்டரைதான் ஆகியிருந்தது.

யதுஷா உள்ளே வந்தாள், வேர்த்துக் கொட்டியபடி, ஒரு கை வயிற்றில். ஜுசெப்பினா அவளைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டு, வயிற்றைத் தொட்டு ஆசீர்வதித்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நழுவிவிட்டாள். நான் கட்டிலை மறைத்துக்கொண்டு நின்றேன், ஆறடிக் கட்டிலை ஐந்தடி ஆள் எங்கே மறைப்பது. என்ன செய்வதென்று தெரியவில்லை. சொல்லிவிடலாமா, மன்னிப்புக் கேட்கலாமா, கை செய்தது நான் செய்யவில்லை என்றால் பைத்தியம் என்பாளா, பெரியக்காவின் மறதி வருத்தம் வந்துவிட்டதென்று டொக்டரிடம் இழுப்பாளா. ஆனால் அவள் கட்டிலைப் பார்க்கவேயில்லை. "என்ன வெக்கை அம்மா" என்றபடி நடந்தாள். யன்னலடியில் பெரிய பஞ்சுக் கதிரை இருந்தது, அதைத் தாண்டினாள். கட்டிலைத் தாண்டினாள். குளியலறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கி, மெல்ல மெல்ல இறங்கி வாசற்கல்லில் இருந்தாள். நிலையில் முதுகைச் சாய்த்தாள், காலை நீட்டினாள். "இதிலை குளிர்மையா இருக்கு" என்று கண்ணை மூடினாள்.

அந்தக் காலத்திலும் இதே ஆடி மாதம்தான். பள்ளிக்கூடம் மூடியிருக்கும். இவரும் வேலைக்குப் போய்விடுவார், பார்க்க ஒருத்தரும் இல்லை, நான் அவளைச் சலவை வண்டிக்குப் பின்னால் மறைத்து மேலே கொண்டுவருவேன். ஐந்து வயது, ஆறு வயது, ஏழு வயது. கட்டிலிலை இருக்காதை, கதிரையைத் தொடாதை, கண்ணாடியிலை கை வைக்காதை, இந்த வாசற்கல்லிலை இரு, ஆரும் வந்தா உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்து, மூச்சு விடாதை. நாளைக்குப் பதினாலு அறை, பதினாலு வாசற்கல். ஒரு சத்தம் போடமாட்டாள். எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன், என் பிள்ளை சொன்ன இடத்தில் அசையாமல் இருக்கும் என்று. அதை எப்படி மறந்தேன்? இரண்டு நாளாக இதே அறையில் இருக்கிறேன், அந்தக் கல்லைத் தாண்டித்தான் போய் வருகிறேன், ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. நாலு நிமிடம் காணாமல் போனதென்று காலையிலிருந்து பயந்துகொண்டிருக்கிறேன்.

"ஏன் பிள்ளை அங்கை இருக்கிறாய்? வந்து கட்டிலிலை இரு."

"வேண்டாம் அம்மா. விரிச்சுக் கிடக்கு. குழம்பிடும்."

கண்ணைத் திறக்காமல்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான் தன் குரல் அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். கண்ணைத் திறந்தாள். கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தான் இருக்கிற இடத்தைக் குனிந்து பார்த்தாள். முகம் கோணிக்கொண்டு வந்தது.

"நீங்கள்தானே விரிச்சனீங்கள்?" என்றாள்.

"ஓம். நான் தோத்திட்டன்" என்றேன். "நீயும் தோத்திட்டாய்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை, அந்த ஐந்து வயதுப் பிள்ளையிடம் அப்படிச் சொன்ன என்மேல்தான் இருக்க வேண்டும். மேல்விரிப்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தேன். மூலைகள் கிழிகிற மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு கழன்றன. தலையணைகளை வீசினேன், ஒன்று லாம்பில் பட்டு லாம்பு சாய்ந்தது, இன்னொன்று பல்கனிக் கண்ணாடியில் போய் விழுந்தது, எடுக்கவில்லை. பிறகு போய் அவளுடைய கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்கினேன். பாரமாக இருந்தாள், இரண்டு ஆள் பாரம். கொண்டுவந்து கட்டிலில் இருத்தினேன். நுனியில்தான் இருந்தாள், யாராவது வந்தால் உடனே எழும்பிவிடத் தோதாக.

"அம்மா, டொரினோ..."

"வாறன். அதை ஆரும் தடுக்கேலாது. அந்தப் பிள்ளைக்கு நாங்கள் ரெண்டு பேரும் இந்தப் பழக்கத்தைக் குடுக்காமல் இருந்தாச் சரி. இப்ப உள்ளுக்கு இரு."

"இருக்கிறன் தானே."

"இன்னும் உள்ளுக்கு. நடுவிலை. காலைத் தூக்கி மேலை போடு."

குனிந்து செருப்பின் வாரைக் கழற்றப் போனாள். அவளுடைய கையைப் பிடித்தேன்.

"செருப்போடை போடு."